குழந்தையின் கை – 7: போஸ்பாரா சந்தில் ஒரு கிண்டர்கார்டன்

பாரதியின் குருவாகத்தான் நிவேதிதாவைத் தமிழ்நாடு அறியும். மனைவியை ஏன் உடன் அழைத்து வரவில்லை என்று ஓர் இளம் பத்திரிகையாளரிடம் அவர் கேட்ட கேள்வி, பெண்ணைப் பற்றி நம் இலக்கியம் பேசும் விதத்தையே மாற்றியது. 1908-இல் வந்த ‘ஸ்வதேச கீதங்கள்’ நூலைப் பாரதி அவருக்கே சமர்ப்பணம் செய்தார். இவ்வளவும் நமக்குத் தெரியும். துறவுக் கோலம் பூணுவதற்கு முன் பதினான்கு ஆண்டுகள் அவர் என்ன வேலை பார்த்தார் என்பதைத்தான் நாம் கேட்டதில்லை. அவர் சின்னக் குழந்தைகளின் டீச்சர். ஃப்ரோபெலையும் பெஸ்டலோசியையும் கரைத்துக் குடித்தவர். கல்கத்தாவில் அவர் முதலில் திறந்ததும் அரசியல் மேடை அல்ல, ஒரு கிண்டர்கார்டன்.

சென்ற வாரம் ஃப்ரோபெலை அவருடைய கடைசிக் காலத்தில் விட்டோம். 1837-இல் பிளாங்கன்பர்க் என்ற சிற்றூரில் அவர் உண்டாக்கிய அந்தப் பெட்டிகள் நினைவிருக்கும். நூல் கட்டிய கம்பளிப் பந்துகள் ஆறு. அடுத்த பெட்டியில் உருண்டை, கனசதுரம், உருளை. பிறகு மரக்கட்டைகள். அவற்றோடு காகித மடிப்பு, பாய் பின்னல், களிமண், தையல். 1851-இல் பிரஷ்ய அரசு கிண்டர்கார்டன்களுக்குத் தடை போட்டது. அடுத்த ஆண்டே ஃப்ரோபெல் இறந்தார். அவரிடம் கற்ற பெண்களும் அவர்கள் வழி வந்தவர்களும் அந்தப் பெட்டிகளை இங்கிலாந்துக்கும் அமெரிக்காவுக்கும் கொண்டு போனார்கள்.

அந்த வழியில்தான், பின்னாளில் நிவேதிதா என்று பெயர் பெற்ற மார்கரெட் நோபிள் வருகிறார். 1867 அக்டோபர் 28 அன்று அயர்லாந்தின் டங்கானன் ஊரில் பிறந்தவர். பதினேழு வயதில், 1884-இல், வடக்கு இங்கிலாந்தின் கெசிக் ஊரில் ஆசிரியை வேலைக்குச் சேர்ந்தார். பிறகு ரக்பியில் ஓர் அநாதை விடுதி, ரெக்சம், செஸ்டர் என்று ஊர் ஊராக மாறி, லண்டனை ஒட்டிய விம்பிள்டனில் புது முறைப் பள்ளி ஒன்றில் சேர்ந்தார். பிறகு அங்கேயே சொந்தமாக ஒரு பள்ளி தொடங்கினார். பிள்ளைக்கு எதில் ஆசையோ அதிலிருந்து பாடத்தைத் தொடங்க வேண்டும் என்பதை அவர் புத்தகத்தில் படித்ததோடு நிற்கவில்லை. பத்தாண்டுக்கு மேல் வகுப்பில் செய்து பார்த்திருந்தார். 1895 நவம்பரில் லண்டனில் விவேகானந்தரைச் சந்தித்தார். 1898 ஜனவரி 28 அன்று கல்கத்தாத் துறைமுகத்தில் வந்து இறங்கினார்.

விவேகானந்தர் அவரை அழைத்ததே பெண் குழந்தைகளின் படிப்புக்காக. பள்ளிக்குத் தேர்ந்த இடம் பாக்பஜார். வடக்குக் கல்கத்தாவின் ஆசாரம் மிகுந்த பகுதி. கங்கைக்கரைக்கு நடந்து போகும் தூரம். வெள்ளைக்காரப் பெண் வாசலில் நின்றாலே தீட்டு என்று கருதிய வீடுகள் அங்கே உண்டு. அந்தக் கதவுகள் திறந்ததற்குக் காரணம் சாரதா தேவி. ராமகிருஷ்ணரின் மனைவியான அந்த அம்மையார், 1898 மார்ச்சில் மேல்நாட்டுப் பெண்களோடு சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டார். அக்கம்பக்கத்தாருக்கு அதற்கு மேல் சாட்சி தேவைப்படவில்லை.

1898 நவம்பரில் பலராம் போஸ் வீட்டில் ஒரு கூட்டம். உங்கள் பெண்களை என் பள்ளிக்கு அனுப்புங்கள் என்று நிவேதிதா கேட்டார். வந்திருந்த வீட்டுக்காரர்கள் வாயே திறக்கவில்லை. விவேகானந்தர் ஓசைப்படாமல் பின்வரிசையில் வந்து உட்கார்ந்து, பக்கத்திலிருந்தவர்களை விரலால் குத்தி எழுந்து சம்மதம் சொல்லச் சொன்னாராம். யாரும் எழவில்லை. கடைசியில் ஒருவர் சார்பில் தாமே எழுந்து, இவர் தம் பெண்ணை அனுப்புகிறார் என்று அறிவித்துவிட்டார். நிவேதிதாவைப் பற்றிய வரலாறுகளில் இந்தக் காட்சி தவறாமல் வரும். நவம்பர் 13, ஞாயிற்றுக்கிழமை, 16, போஸ்பாரா சந்தில் சாரதா தேவி பூஜை செய்து பள்ளியைத் திறந்துவைத்தார்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். சாரதா தேவி சிறு வயதில் வித்யாசாகரின் ‘வர்ணபரிச்சய’த்தை வைத்துக்கொண்டு எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருந்தபோது, பெண்பிள்ளைக்குப் படிப்பு எதற்கு என்று உறவுக்காரர் ஒருவர் புத்தகத்தைப் பிடுங்கிக்கொண்டார். பிற்பாடு அந்தச் சிறுமி எப்படியோ வாசிக்கக் கற்றுக்கொண்டாள்; எழுதக் கடைசிவரை பழகவில்லை. அவர் கையால்தான் அந்தப் பள்ளி திறந்தது.

கல்கத்தாவில் பெண்கள் பள்ளி அதிசயமல்ல. பெத்யூன் பள்ளி 1849-லேயே வந்துவிட்டது. நிவேதிதாவின் பள்ளியில் புதிதாக இருந்தது முறை. அந்த முறைக்கு அங்கே இருந்த பெரிய தடை பணமோ தீட்டோ அல்ல என்பது என் எண்ணம். குழந்தையின் விருப்பத்தைப் பின்பற்றிப் பாடம் நடத்த வேண்டுமானால் முதலில் குழந்தைப் பருவம் என்று ஒன்று வேண்டும். பாக்பஜார்ச் சிறுமிக்கு அது மிகக் குறுகியது. 1890-இல் இதே கல்கத்தாவில் ஃபுல்மணி தாசி என்ற சிறுமி, பத்துப் பதினோரு வயதில், கணவனின் வன்செயலால் இறந்தாள். அந்தக் கொடுமைக்குப் பிறகு 1891-இல் சட்டம் வந்தது. அதுவும் உடலுறவுக்கான சம்மத வயதைப் பத்திலிருந்து பன்னிரண்டுக்குத்தான் உயர்த்தியது. அதையே மதத்தில் கைவைப்பதாகச் சொல்லி எதிர்த்து ஆயிரக்கணக்கானோர் கூடியதும் இந்த நகரத்தில்தான். இன்று களிமண் பிசையும் பெண் அடுத்த மாதம் தலையில் முக்காட்டோடு புகுந்த வீட்டில் இருக்கக்கூடும். நிவேதிதா வகுப்பு நடத்தியது இந்த நிலையில்தான். அவர் கொண்டுவந்த களிமண்ணையும் தூரிகையையும் இந்தப் பின்னணியில் வைத்துப் பார்த்தால்தான் அவற்றின் அருமை தெரியும்.

அன்றைய வங்கத்துப் பாடசாலையில் பாடம் என்றால் ஒப்பிப்பது. 1855-இல் வந்த ‘வர்ணபரிச்சய’த்தில் கோபால், ராக்கால் என்று இரண்டு பையன்கள் வருவார்கள். கோபால் சொன்னதைக் கேட்பவன், கொடுத்ததை உண்பவன். ராக்கால் படிக்காமல் சுற்றுபவன். ஒவ்வொரு வங்கத் தாயும் கோபாலையே வேண்டினாள். ஆனால் வித்யாசாகரே சிறுவயதில் ராக்காலைப் போன்றவர்தான் என்று பின்னாளில் எடுத்துச் சொன்னவர் ரவீந்திரநாத் தாகூர்.

போஸ்பாரா சந்தில் ஒப்பித்தல் குறைந்து கைவேலை கூடியது. களிமண்ணில் உருவம் செய்தார்கள், தூரிகையால் வரைந்தார்கள், காகிதம் வெட்டினார்கள், தைத்தார்கள். ஒவ்வொரு சிறுமியும் எப்படிப்பட்டவள், எதில் அவளுக்கு நாட்டம், எங்கே பிடிவாதம் என்று நிவேதிதா குறித்து வைத்தார். தேர்வு மதிப்பெண்ணுக்கு முன்னால் குழந்தையைக் கவனித்து எழுதும் அந்தப் பழக்கத்தை இன்றைய மழலையர் கல்வியில் பெரிதாகப் பேசுகிறோம். கல்கத்தாவின் ஒரு சந்தில் அது நடந்து நூற்றாண்டுக்கு மேல் ஆகிறது.

ஐரோப்பியப் பெட்டியை அப்படியே இறக்கி வைக்க அவர் விரும்பவில்லை என்பதை இந்தத் தொடரில் இதுவரை பார்த்த எவரைவிடவும் அவரிடம் உயர்வாக மதிக்கிறேன். இந்தியப் பள்ளிகளில் கிண்டர்கார்டனுக்கு என்ன இடம் என்று தனிக் கட்டுரையே எழுதினார். அவர் மறைவுக்குப் பின் 1914-இல் உத்போதன் அலுவலகம் வெளியிட்ட தேசியக் கல்வி நூலில் அதுவும், கைவேலைப் பயிற்சி பற்றிய கட்டுரைகளும் இருக்கின்றன. அவர் வாதத்தை என் சொற்களில் சொன்னால் இவ்வளவுதான்: ஃப்ரோபெல் தம் நாட்டுக் குடியானவத் தாய்மார்கள் பிள்ளைகளோடு விளையாடுவதைக் கவனித்துத் தம் முறையைக் கண்டுபிடித்தார். நாம் செய்ய வேண்டியது அவர் கண்டுபிடித்த பொருள்களை வாங்கி அடுக்குவதல்ல. அவர் கவனித்ததுபோல நம் தாய்மார்களைக் கவனிப்பது.

கவனித்தால் வங்க வீட்டில் என்னதான் இல்லை! அரிசிமாவைக் கரைத்து விரலால் தரையில் இடும் ஆல்பனா. பழைய புடவைகளை அடுக்கித் தைக்கும் காந்தா. கங்கை மண்ணைப் பிடித்து வைத்துச் சிறுமிகள் தாங்களே செய்யும் சிவலிங்கம். வைசாக மாதத்தில் முற்றத்தில் சின்னதாய் ஒரு குளம் வெட்டி, நடுவில் கிளை நட்டு, நாள்தோறும் தண்ணீர் ஊற்றும் ‘புண்யிபுகுர்’ விரதம். குழி தோண்டுகிறாள், அளக்கிறாள், நீர் வற்றுவதைப் பார்க்கிறாள், கோலம் இடுகிறாள், பாட்டுச் சொல்கிறாள். ஐந்து வயதுப் பெண்ணுக்கு ஒரு மாதத்துக்கு இதைவிட நல்ல பாடத்திட்டம் எழுத யாரால் முடியும்? அவனீந்திரநாத் தாகூர் 1919-இல் இந்த விரதங்களைப் பற்றி ‘பாங்லார் பிரத’ என்றே ஒரு நூல் எழுதினார். நம் வீடுகளில் பல்லாங்குழியில் புளியங்கொட்டை போட்டுக் கணக்குப் பழகிய பாட்டிமார்களும், மார்கழி விடியலில் புள்ளி எண்ணிக் கோலம் போட்ட சிறுமிகளும் இதே வகுப்பில் படித்தவர்களே. நிவேதிதா ஆல்பனாவையும் தையலையும் பள்ளிக்குள் மரியாதையோடு கொண்டுவந்து உட்காரவைத்தார். 1906-இல் கல்கத்தாக் காங்கிரஸ் கண்காட்சியில், அவர் வரைந்த வஜ்ராயுதக் கொடி அவருடைய மாணவிகளின் ஊசி வேலையில் மக்கள் முன் வந்தது.

பள்ளி தடையின்றி நடந்துவிடவில்லை. 1899-இல் பிளேக் வந்தது. நிவேதிதா துடைப்பம் எடுத்துத் தெருவைப் பெருக்கினார். சேரிகளில் நோயாளிகளோடு இருந்தார். தாயை இழந்த ஒரு பிளேக் குழந்தையை ஈரக் குடிசையில் மடியில் வைத்துக் காத்த அவரை டாக்டர் ஆர். ஜி. கர் நேரில் பார்த்திருக்கிறார். அதே ஆண்டு ஜூனில் கையில் காசில்லாமல் பள்ளியை நிறுத்திவிட்டுப் பணம் திரட்ட மேல்நாடு போனார். 1902 பிப்ரவரியில் சென்னை வழியாகத் திரும்பி வந்ததும், சரஸ்வதி பூஜையன்று மறுபடி திறந்தார். வங்கத்தில் பிள்ளைக்கு முதன்முதலாகச் சுண்ணக்கட்டி பிடித்து எழுதச் சொல்லித்தரும் நாள் அது. அடுத்த ஆண்டு கிறிஸ்டின் என்ற அமெரிக்கத் தோழி பொறுப்பில் சேர்ந்தார். மணமான பெண்களுக்கும் விதவைகளுக்கும் தனி வகுப்பு தொடங்கியது. காலையில் பிள்ளை களிமண் பிசைந்த அதே வீட்டில் மதியம் தாய் தையலும் எழுத்தும் கற்றாள். வீட்டுக்கும் பள்ளிக்கும் நடுவில் இருந்த சுவரை உடைப்பது பற்றி இன்று எத்தனையோ கருத்தரங்குகள் நடக்கின்றன. அந்த வீட்டில் அந்தச் சுவரே எழும்பவில்லை.

இதே கல்கத்தாவில், தெற்கே கொஞ்ச தூரத்தில், ஜொராசாங்கோ மாளிகையில் இன்னொருவர் பள்ளிக்கூடத்தைப் பற்றித் தீராத வேதனையோடு யோசித்துக்கொண்டிருந்தார். ரவீந்திரநாத் தாகூர் படித்த பள்ளிகள் ஒன்றல்ல: ஓரியண்டல் செமினரி, நார்மல் ஸ்கூல், பெங்கால் அகாடமி, செயின்ட் சேவியர்ஸ். ஒன்றிலும் அவர் ஒட்டவில்லை. வீட்டிலோ வேலைக்காரர்களின் ஆட்சி. ஷியாம் என்ற வேலையாள் சுண்ணக்கட்டியால் ஒரு வட்டம் போட்டுச் சிறுவனை உள்ளே உட்காரவைத்துவிட்டுப் போய்விடுவான். கோட்டைத் தாண்டிய சீதையின் கதை தெரிந்த பிள்ளை அசையாது. சன்னல் வழியே தெரிந்த குளத்தையும் ஆலமரத்தையும் நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கும். அந்தச் சிறுவன் தாழ்வாரத்தில் தானும் ஒரு பள்ளி நடத்தினான். மாணவர்கள் யார்? மர அழிகள். அவற்றில் நல்ல பிள்ளை எது, கெட்ட பிள்ளை எது என்று தீர்மானித்து, கெட்டவற்றைப் பிரம்பால் விளாசினான். ஆசிரியர்களிடம் பாடத்தைக் கற்பதற்கு எவ்வளவோ நாள் ஆகிறது, அவர்களுடைய கோபத்தைக் கற்பதற்கு நாளே ஆவதில்லை என்று தம் நினைவுக் குறிப்புகளில் அவர் வருந்துகிறார். குழந்தை கையால் கற்கிறது என்பதற்கு இவ்வளவு வலிக்கும் சான்று வேறெங்கும் நான் படித்ததில்லை. கையில் பிரம்பைப் பார்த்தால் அதையும் அது கற்றுக்கொள்ளும்.

இந்த இருவரும் சந்தித்தார்கள். தம் இளைய மகளின் படிப்பை ஏற்றுக்கொள்ளும்படி தாகூர் நிவேதிதாவைக் கேட்டார். என்ன சொல்லித்தர வேண்டும் என்று அவர் கேட்க, வழக்கமான ஆங்கிலப் படிப்பைத்தான் என்றார் தாகூர். நிவேதிதா மறுத்துவிட்டார். வெளியிலிருந்து எதையோ விழுங்கவைப்பதில் என்ன பயன், பிள்ளையிடம் பிறவியிலேயே இருப்பதை எழுப்புவதல்லவா கல்வி என்பது அவர் பதில். தம் வீட்டிலேயே இடம் தருகிறேன், அங்கே உங்கள் எண்ணப்படி பள்ளி நடத்துங்கள் என்று தாகூர் பிறகு சொல்லிப் பார்த்தார். அதையும் வேண்டாம் என்று அவர் பாக்பஜார்ச் சந்துக்கே போய்விட்டார். இதையெல்லாம் நமக்குச் சொன்னவர் தாகூரே. 1911-இல் நிவேதிதா இறந்தபின் எழுதிய கட்டுரையில். நாடறிந்த கவிஞர், தம் மகளுக்காகக் கேட்டு ஓர் ஆசிரியையிடம் மறுப்பு வாங்கியதை மறைக்காமல் எழுதியிருக்கிறார். அந்த மறுப்பு சரியானது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

தாகூரும் அப்போது சும்மா இருக்கவில்லை. 1901 டிசம்பர் 22 அன்று சாந்திநிகேதனில் ஐந்து பையன்களோடு தம் பள்ளியைத் தொடங்கியிருந்தார். அவர்களில் ஒருவர் மூத்த மகன் ரதீந்திரநாத். மரத்தடி வகுப்பும் வெறுங்காலோடு மண்ணில் திரிவதும் எல்லோருக்கும் தெரிந்த கதை. நான் சொல்ல விரும்புவது 1907-இல் நடந்தது. தாகூரின் கடைக்குட்டி ஷமீந்திரநாத்துக்கு அப்போது பத்து வயது. வசந்த பஞ்சமியன்று தோழர்களைச் சேர்த்துக்கொண்டு, ஒருவன் ஒரு பருவகாலமாக, இன்னொருவன் இன்னொன்றாக வேடம் கட்டி ஒரு பருவ விழா எடுத்தான். பெரியவர்கள் போட்ட திட்டமல்ல அது. அதே ஆண்டு நவம்பரில் முங்கேர் ஊரில் காலராவில் அந்தப் பிள்ளை போய்விட்டது. விழா நின்றுவிடவில்லை. சாந்திநிகேதனின் புகழ்பெற்ற வசந்த உற்சவத்தின் வேரில் ஒரு பத்து வயதுப் பையன் இருக்கிறான்.

கல்கத்தாவில் இந்த வேலையைப் பள்ளி அமைப்புக்குள் கொண்டுபோனவர் அபலா போஸ். நிவேதிதாவின் நெருங்கிய தோழி, ஜகதீஷ் சந்திர போஸின் மனைவி. கல்கத்தா மருத்துவக் கல்லூரி பெண்களைச் சேர்க்காத காலத்தில், 1882-இல், நம் சென்னை மருத்துவக் கல்லூரிக்குப் படிக்க வந்தவர் இவர். உடல்நலம் கெட்டதால் படிப்பை முடிக்க முடியவில்லை. 1910-இல் பிரம்மோ பாலிகா சிக்‌ஷாலயத்தின் செயலாளரானார். அங்கே சின்னக் குழந்தைகளுக்கு மாண்டிசோரி முறையைக் கொண்டுவந்தார். 1919-இல் நாரி சிக்‌ஷா சமிதியை நிறுவினார். அதன் வழியாக விதவைகளைப் பயிற்றுவித்து ஊர்ப் பள்ளிகளுக்கு ஆசிரியைகளாக அனுப்பினார். சென்னையில் சகோதரி சுப்புலட்சுமி இளம் விதவைகளை ஆசிரியைகளாக்கியதும் ஏறத்தாழ இதே காலம். இந்நாட்டில் சின்னக் குழந்தைகளின் கல்வி, தங்கள் குழந்தைப் பருவத்தைப் பறிகொடுத்த பெண்களின் தோளில்தான் பெரும்பாலும் நின்றது. ஆசிரியர் பயிற்சிப் பாடநூல்களில் ஃப்ரோபெலுக்குப் பக்கம் பக்கமாக இடம் இருக்கிறது. இந்தப் பெண்களுக்கும் இடம் வேண்டும் என்று கேட்கிறேன்.

வீட்டுக்குள் நடந்த மாற்றத்தையும் சொல்லாமல் விட முடியாது. 1897-இல் யோகீந்திரநாத் சர்க்காரின் ‘ஹாசி குஷி’ எழுத்தை விளையாட்டாக்கியது. 1913-இல் உபேந்திரகிஷோர் ராய் ‘சந்தேஷ்’ இதழைத் தொடங்கினார். 1930-இல் தாகூரின் ‘சஹஜ் பாட்’ வந்தது. நந்தலால் போஸின் கறுப்பு வெள்ளைச் செதுக்குப் படங்கள் அதில். அறிவுரை சொல்லும் கோபால் போய், ஆறும் படகும் சந்தையும் மழையும் அரிச்சுவடிக்குள் வந்தன. பிள்ளை சன்னலுக்கு வெளியே பார்த்ததே பாடமாயிற்று. ஓவிய மேதை ஒருவர் அரிச்சுவடிக்குப் படம் போட்டார் என்பதை நம் பாடநூல் தயாரிப்பவர்கள் அவ்வப்போது எண்ணிப் பார்ப்பது நல்லது.

நிவேதிதா 1911 அக்டோபர் 13 அன்று டார்ஜிலிங்கில் காலமானார். வயது நாற்பத்து மூன்று. கையில் இருந்ததையும் நூல்களின் வருவாயையும் இந்தியப் பெண்களின் கல்விக்கே எழுதிவைத்துவிட்டுப் போனார். பள்ளியைக் கிறிஸ்டினும், பிறகு சுதீரா தேவியும் காத்தார்கள். பாக்பஜாரில் நிவேதிதா சந்து என்றே பெயர் பெற்ற தெருவில் அது இன்றும் நடக்கிறது. போஸ்பாரா சந்தில் அவர் வாழ்ந்த வீட்டைப் புதுப்பித்து அருங்காட்சியகமாக்கியிருக்கிறார்கள். கல்கத்தா போகும் தமிழர்கள் காளிகாட்டுக்கும் பேலூருக்கும் போகிறார்கள். பாக்பஜாருக்கும் ஒரு காலைப் பொழுதை ஒதுக்க வேண்டும்.

தாகூரின் சாந்திநிகேதனிலோ ஒரு வருத்தம் வளர்ந்தது. கல்கத்தாவின் நடுத்தர வர்க்கப் பெற்றோர் பிள்ளைகளை அங்கே அனுப்பிவிட்டு, மெட்ரிகுலேஷன் தேர்வு என்னவாயிற்று என்று கேட்டார்கள். பெற்றோரின் அந்தக் கேள்விக்குத் தாகூரால் முழுதாக அணைபோட முடியவில்லை. அதனால் 1924-இல் கிராமத்து ஏழைப் பிள்ளைகளுக்கென்று ‘சிக்‌ஷா சத்ரா’ தொடங்கினார். 1927-இல் அது ஸ்ரீநிகேதனுக்கு மாறியது. லெனார்ட் எல்ம்ஹர்ஸ்ட் அதன் நோக்கத்தை எழுதினார். தோட்டம், சமையல், நெசவு, வீட்டைப் பேணுவது ஆகியவற்றிலிருந்து கணக்கும் மொழியும் அறிவியலும் கிளைக்க வேண்டும் என்பதே திட்டம். பின்னாளில் தாகூர் தம் மற்ற எல்லா முயற்சிகளையும்விட இதையே பெரிதாக மதித்தார்.

தாகூரிடம் செயலாளராக இருந்து, 1930-இல் அவரோடு ரஷ்யா வரை போய்வந்த யாழ்ப்பாணத் தமிழர் ஆரியநாயகம், தாகூரின் பள்ளிகளில் பார்த்ததையும் பழகியதையும் மனைவி ஆஷாதேவியோடு சேவாகிராமுக்குக் கொண்டு போனார். காந்தியின் ஆதாரக் கல்விக்கு அந்த இருவரும் உழைத்த கதை தனியே இரண்டு வாரங்கள் கேட்கும். முறை வரும்போது சொல்கிறேன். அதற்கு முன் நாம் ஊருக்குத் திரும்ப வேண்டும். 1939 நவம்பரில், அறுபத்தொன்பது வயதில், மூன்று மாதப் பயிற்சி வகுப்பு ஒன்றை நடத்த மரியா மாண்டிசோரி சென்னைக்கு வந்தார். ஐரோப்பாவில் போர் தொடங்கிவிட்டிருந்தது. அந்த மூன்று மாதம் ஏறத்தாழ ஏழாண்டாக நீண்டது எப்படி, அடையாற்றில் கீற்றுக் கொட்டகைகளில் யார் யாரெல்லாம் அவரிடம் கற்றார்கள் என்பது அடுத்த வாரம்.

(தொடரும்)